ஈவென்டிங் குதிரையேற்றம்

ஈவென்டிங் என்பது ஒரே குதிரையும் ஒரே வீரரும் இணைந்து மூன்று வகைத் தேர்வுகளில் பங்கேற்கும் குதிரையேற்றப் போட்டி ஆகும். டிரெஸ்சாஜ் எனப்படும் ஒழுங்குநடை, கிராஸ் கன்ட்ரி எனப்படும் வெளிநிலப் பாய்ச்சல், அரங்கில் நடக்கும் தடைதாண்டல் ஆகியவை அந்த மூன்று தேர்வுகள். ஒரு தேர்வில் குதிரையை மாற்றிக்கொண்டு அடுத்த தேர்வுக்குச் செல்ல முடியாது. ஆண்களும் பெண்களும் தனித்தனிப் பிரிவுகள் இல்லாமல் ஒரே களத்தில் மோதும் மிகச் சில ஒலிம்பிக் விளையாட்டுகளில் இதுவும் ஒன்று.

இந்த விளையாட்டில் வெற்றி பெறுபவர் அதிகப் புள்ளி எடுப்பவர் அல்லர். குறைவாகத் தண்டப்புள்ளி பெறுபவரே வெல்கிறார். விழுந்த ஒரு கழியும், தாமதித்த ஒரு நொடியும் பதக்கத்தின் நிறத்தை மாற்றிவிடும். ஆகவே இத்துறையில் எழும் செய்திகள், சர்ச்சைகள், லாயத்துக் கதைகள் பெரும்பாலும் ஏதேனும் ஒரு விதியை ஒட்டியே பிறக்கின்றன. 2018 ஆசிய விளையாட்டில் இந்தியாவின் ஃபவாத் மிர்சா தங்கத்தைத் தவறவிட்டதும் ஒரே ஒரு கழியால்தான்.

தோற்றம்

ஈவென்டிங் குதிரைப்படைகளின் பயிற்சியிலிருந்து உருவானது. படைக்குதிரை அணிவகுப்பில் அடக்கத்துடன் நடக்க வேண்டும். போர்க்களத்தில் ஓடை, வேலி, பள்ளம் எதையும் தயங்காமல் தாண்ட வேண்டும். மறுநாளும் பணிக்கு ஆயத்தமாக இருக்க வேண்டும். இந்த மூன்று தகுதிகளையும் சோதிக்க அமைந்த தேர்வே பின்னர் விளையாட்டானது. ஐரோப்பாவின் சில நாடுகளில் இதற்கு நெடுங்காலம் ‘மிலிட்டரி’ என்றே பெயர் இருந்தது.

1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் இப்போட்டி முதன்முதலாக இடம்பெற்றது. தொடக்கத்தில் ராணுவ அதிகாரிகள் மட்டுமே பங்கேற்கலாம் என்ற விதி இருந்தது. ஒலிம்பிக் குதிரையேற்றம் முழுவதற்கும் பொருந்திய அந்த விதி எவ்வளவு கறாராக இருந்தது என்பதற்கு 1948 லண்டன் ஒலிம்பிக்கின் டிரெஸ்சாஜ் போட்டியில் நடந்த நிகழ்வு சான்று. தங்கம் வென்ற சுவீடன் அணியில் இருந்த கேனல் பெர்சன் உண்மையில் ஒரு சார்ஜன்ட். போட்டிக்காகத் தற்காலிகமாக அதிகாரியாக உயர்த்தப்பட்டிருந்தார். போட்டி முடிந்ததும் அவர் பழைய பதவிக்கே அனுப்பப்பட்டது தெரியவந்ததால், 1949-இல் சுவீடனின் தங்கம் பறிக்கப்பட்டு பிரான்சுக்கு அளிக்கப்பட்டது. 1952 ஒலிம்பிக் முதல் இந்தக் கட்டுப்பாடு நீங்கியது. 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் அமெரிக்காவின் லானா டு பாண்ட், ஒலிம்பிக் ஈவென்டிங்கில் பங்கேற்ற முதல் பெண்ணாகி அணிப் பிரிவில் வெள்ளியும் வென்றார்.

இங்கிலாந்தின் பேட்மின்டன் என்னும் ஊரில் 1949-இல் தொடங்கிய போட்டி இன்றும் இத்துறையின் மிகப் புகழ்பெற்ற போட்டிகளுள் ஒன்று. பூப்பந்தாட்டத்துக்குப் பெயர் தந்ததும் இதே ஊரின் மாளிகைதான். எனவே ‘பேட்மின்டனில் குதிரை வென்றது’ என்ற செய்தித் தலைப்பைக் கண்டு புதிய வாசகர் திகைத்தால் அது அவருடைய தவறல்ல.

மூன்று தேர்வுகள்

டிரெஸ்சாஜ்: செவ்வக அரங்கில், முன்பே வகுக்கப்பட்ட அசைவுகளைக் குதிரை வரிசையாகச் செய்து காட்ட வேண்டும். நடை, ஓட்டம், வட்டமிடல், பக்கவாட்டில் நகர்தல், அசையாமல் நிற்றல் ஆகியவை அவற்றுள் அடங்கும். நடுவர்கள் ஒவ்வோர் அசைவுக்கும் 0 முதல் 10 வரை மதிப்பெண் தருவர். அதன் சராசரி விழுக்காட்டை 100-இலிருந்து கழித்தால் கிடைப்பதே தண்டப்புள்ளி. 72 விழுக்காடு பெற்றவருக்கு 28 தண்டப்புள்ளிகள்.

கிராஸ் கன்ட்ரி: இதுவே ஈவென்டிங்கின் உயிர்ப் பகுதி. திறந்த வெளியில், மேடு பள்ளங்களின் ஊடே அமைந்த பாதையில் மரக்கட்டைகள், அகழிகள், புதர்கள், நீர்நிலைகள் ஆகியவற்றைக் குறித்த நேரத்துக்குள் தாண்டி வர வேண்டும். தடையின் வலப்புறம் சிவப்புக் கொடியும் இடப்புறம் வெள்ளைக் கொடியும் இருக்கும். அவற்றுக்கு நடுவேதான் தாண்ட வேண்டும். குதிரை ஒரு தடையின் முன் நின்றுவிட்டாலோ விலகி ஓடினாலோ 20 தண்டப்புள்ளிகள். அதே தடையில் இரண்டாம் முறையும் மறுத்தால் மேலும் 40. மூன்றாம் முறை மறுத்தால் வெளியேற்றம். வீரர் குதிரையிலிருந்து விழுந்தாலும் வெளியேற்றமே. குறித்த நேரத்தைக் கடந்த ஒவ்வொரு நொடிக்கும் 0.4 தண்டப்புள்ளி சேரும்.

டோக்கியோ ஒலிம்பிக்கின் வெளிநிலப் பாதை ஏறத்தாழ 4.4 கிலோமீட்டர் நீளம் கொண்டது. குறித்த நேரம் 7 நிமிடம் 45 நொடி. கச்சிராயபாளையத்திலிருந்து கல்வராயன் மலையடிவாரம் நோக்கிச் செல்லும் சாலையில் நாலரை கிலோமீட்டரை மனத்தில் கொண்டால் இதன் கடுமை புரியும். அந்தத் தூரத்தைச் சாலையில் அல்லாமல் வயல் வரப்பு, ஓடை, கட்டைகளைத் தாண்டியபடி, மணிக்குச் சுமார் 34 கிலோமீட்டர் சராசரி வேகத்தில் கடக்க வேண்டும்.

தடைதாண்டல்: இறுதித் தேர்வு அரங்கில் நடைபெறும். இங்கே தடைகள் தாங்கிகள் மீது லேசாக வைக்கப்பட்ட வண்ணக் கழிகளால் ஆனவை. குளம்பு பட்டாலே விழும். விழும் தடை ஒவ்வொன்றுக்கும் 4 தண்டப்புள்ளிகள். பெரிய போட்டிகளில் வெளிநிலத்துக்கு மறுநாள் இத்தேர்வு வைக்கப்படுவதற்குக் காரணம் உண்டு. முந்தைய நாள் களைப்புக்குப் பின்னும் குதிரை கால்களைக் கவனமாகத் தூக்குகிறதா என்பதே இங்கு சோதிக்கப்படுகிறது. நேற்றுத் துணிச்சலுக்குப் பாராட்டுப் பெற்ற குதிரை இன்று ஒரு மெல்லிய கழியைத் தட்டிவிட்டு வீரரின் கனவைக் கலைப்பது வழக்கமான காட்சி.

போட்டி தொடங்கும் முன்பும், இறுதித் தடைதாண்டலுக்கு முன்பும் கால்நடை மருத்துவர் முன்னிலையில் குதிரை ஓட்டிக் காட்டப்படும். நடையில் நொண்டல் தெரிந்தால் முன்னணியில் இருந்தாலும் அக்குதிரை வெளியேற வேண்டும்.

முடிவுப் பட்டியலை வாசிக்கும் முறை

ஈவென்டிங் செய்திகளில் எண்கள் வரிசையாக வரும். டோக்கியோ ஒலிம்பிக்கில் ஃபவாத் மிர்சா பெற்ற எண்களைக் கொண்டே அவற்றை வாசிக்கக் கற்கலாம்.

டிரெஸ்சாஜில் அவருக்கு 28.00 தண்டப்புள்ளிகள், அதாவது நடுவர்கள் 72 விழுக்காடு அளித்தனர். வெளிநிலத்தில் எந்தத் தடையிலும் குதிரை மறுக்கவில்லை. ஆனால் 28 நொடி தாமதமானது. 28-ஐ 0.4-ஆல் பெருக்கினால் 11.20; மொத்தம் 39.20. தடைதாண்டலின் முதல் சுற்றில் இரண்டு தடைகள் விழுந்ததால் 8 சேர்ந்து 47.20 ஆனது. அந்நிலையில் அவர் 25-ஆம் இடத்தில் இருந்தார். முதல் 25 பேருக்கே தனிநபர் இறுதிச் சுற்று என்பதால் கடைசி ஆளாக உள்ளே நுழைந்தார். இறுதிச் சுற்றில் 12.40 சேர்ந்து 59.60 என்ற மொத்தத்துடன் 23-ஆம் இடம் பெற்றார். 12 என்பது மூன்று தடைகள், 0.40 என்பது ஒரு நொடித் தாமதம்.

விதிகளால் பிறந்த செய்திகள்

2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்: ஜெர்மனியின் பெட்டினா ஹோய், ரிங்வுட் காக்கட்டூ என்னும் குதிரையில் தடைதாண்டலுக்கு வந்தார். தொடக்கக் கோட்டை ஒருமுறை கடந்த பிறகு வட்டமடித்துத் திரும்பி வந்து மீண்டும் அதே கோட்டைக் கடந்து சுற்றைத் தொடங்கினார். முதல்முறை கடந்தபோதே நேரம் ஓடத் தொடங்கிவிட்டது என்று கூறி நடுவர்கள் நேரத் தண்டப்புள்ளி விதித்தனர். ஜெர்மனி முறையிட்டதும் அது நீக்கப்பட்டு, அவருக்குத் தனிநபர் தங்கமும் அணிக்குத் தங்கமும் அணிவிக்கப்பட்டன. பிரான்ஸ், பிரிட்டன், அமெரிக்கா ஆகிய நாடுகள் விளையாட்டு நடுவர் தீர்ப்பாயத்தை அணுகின. தண்டப்புள்ளி மீண்டும் சேர்க்கப்பட்டது. தனிநபர் தங்கம் பிரிட்டனின் லெஸ்லி லாவுக்கும் அணித் தங்கம் பிரான்சுக்கும் சென்றன. ஒரு வீராங்கனை ஒரு கோட்டை இருமுறை கடந்ததால் நான்கு நாடுகளின் பதக்கக் கணக்கு மாறியது.

இதே பெட்டினா ஹோய் பின்னாளில் இந்தியாவின் ஃபவாத் மிர்சாவுக்குப் பயிற்சியளித்தார். மிர்சா ஆசிய விளையாட்டிலும் ஒலிம்பிக்கிலும் ஏறிய செய்னூர் மெடிகாட் என்னும் குதிரையும் அதற்கு முன் பெட்டினா ஓட்டியதே.

2020 டோக்கியோ ஒலிம்பிக் (2021-இல் நடந்தது): டிரெஸ்சாஜ் முடிவில் ஜெர்மனியின் மைக்கேல் யுங் முதலிடத்தில் இருந்தார். ஏற்கெனவே 2012, 2016 ஒலிம்பிக்குகளில் அடுத்தடுத்துத் தனிநபர் தங்கம் வென்றவர் அவர். வெளிநிலத்தில் அவர் குதிரையின் கால் ஒரு தடையைத் தொட, அங்கிருந்த பாதுகாப்புப் பிணைப்பு விடுபட்டது. இத்தகைய பிணைப்பு விடுபட்டால் 11 தண்டப்புள்ளிகள் என்பது விதி. முறையீடு ஏற்கப்படவில்லை. அவர் 8-ஆம் இடத்துக்குச் சென்றார். அவரது அணியைச் சேர்ந்த யூலியா கிராயெவ்ஸ்கி தங்கம் வென்று, ஒலிம்பிக் ஈவென்டிங் தனிநபர் தங்கம் பெற்ற முதல் பெண் ஆனார். யுங் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் அதே குதிரையுடன் வந்து மூன்றாம் தனிநபர் தங்கத்தை வென்றார்.

லாயத்துப் பேச்சும் நகைச்சுவையும்

ஈவென்டிங் உலகம் சிறியது. பயிற்சியாளர், மாணவர், முன்னாள் இணையர், எதிரணியினர் என அனைவரும் ஒரே லாயங்களில் சந்தித்துக்கொள்வர். டோக்கியோவில் மிர்சாவும், அப்போது அவருக்குப் பயிற்சியளித்த சாண்ட்ரா ஆஃபார்த்தும் ஒரே போட்டியில் எதிரெதிராகக் களமிறங்கினர். அதே போட்டியில் வெண்கலம் வென்ற 62 வயது ஆஸ்திரேலிய வீரர் ஆண்ட்ரூ ஹோய், மிர்சாவின் முந்தைய பயிற்சியாளர் பெட்டினாவின் முன்னாள் கணவர்.

குதிரைகளின் பெயர்கள் எப்போதும் பேசுபொருள். ஒவ்வொரு குதிரைக்கும் பதிவேட்டில் ஒரு பெயரும் லாயத்தில் ஒரு செல்லப்பெயரும் இருக்கும். செய்னூர் மெடிகாட் என்ற கம்பீரமான பெயருக்கு உரிய குதிரை லாயத்தில் வெறும் ‘மிக்கி’. பெட்டினாவின் குதிரைக்குக் கொண்டைக்கிளியின் பெயர். மைக்கேல் யுங்கின் குதிரை சிப்மங்க்குக்கு ஒரு வகை அணிலின் பெயர். மிர்சா ஒலிம்பிக் தகுதிக்காகப் புள்ளிகள் சேர்த்த குதிரைகளுள் ஒன்றின் பெயர் ஃபெர்ன்ஹில் ஃபேஸ்டைம். 1984, 1988 ஒலிம்பிக்குகளில் நியூசிலாந்தின் மார்க் டாட் தங்கம் வெல்லக் காரணமான குதிரை கரிஷ்மா எனப் பொருள்படும் ‘சாரிஸ்மா’. அதன் உருண்ட உடல்வாகைக் கண்டு லாயத்தில் வைத்த பெயரோ ‘குண்டன்’ என்ற பொருள் தரும் ‘பாட்ஜ்’.

மார்க் டாட் பற்றிய இன்னொரு கதை இன்றும் சொல்லப்படுகிறது. 1995 பேட்மின்டன் போட்டியின் வெளிநிலத்தில் அவரது அங்கவடியின் வார் அறுந்தது. எஞ்சிய பெரும்பாதையை ஒற்றை அங்கவடியில் காலூன்றியே அவர் முடித்தார். ஒரு தடையிலும் குதிரை மறுக்கவில்லை. மறு ஆண்டு அதே பெர்ட்டி பிளண்ட் என்னும் குதிரையில் அப்போட்டியை வென்றார்.

1960 ரோம் ஒலிம்பிக்கில் ஆஸ்திரேலியாவின் பில் ராய்கிராஃப்ட் வெளிநிலத்தில் விழுந்து காறையெலும்பை முறித்துக்கொண்டார். மருத்துவமனையிலிருந்து மறுநாள் அரங்குக்கு வந்து தடைதாண்டலை முடித்தார். அவர் முடித்ததால்தான் அணிக்குத் தங்கம் கிடைத்தது. 1976 மாண்ட்ரியலில் பிரிட்டன் இளவரசி ஆன், தாய் எலிசபெத் அரசியின் குதிரையான குட்வில்லில் பங்கேற்றார். வழியில் விழுந்து தலையில் அடிபட்டும் மீண்டும் ஏறிப் போட்டியை முடித்தார். இன்றைய விதிப்படி வீரர் விழுந்தவுடனே வெளியேற வேண்டும் என்பதால் இத்தகைய கதைகள் இனிப் பிறக்க வாய்ப்பில்லை. 2012 லண்டனில் ஆனின் மகள் ஸாரா அணிப் பிரிவில் வெள்ளி வென்றபோது, பதக்கத்தை அணிவித்தவர் தாய் ஆன்.

கால்நடை மருத்துவர் முன் குதிரையை ஓட்டிக் காட்டும் சடங்கு பெரிய போட்டிகளில் ஆடை அணிவகுப்பாகவும் மாறிவிட்டது. நன்றாக உடுத்திய வீரருக்குப் பரிசு அளிப்பதும் உண்டு. பார்க்கப்படுவது குதிரையின் கால். பேசப்படுவது வீரரின் காலணி. அதேபோல் பேட்மின்டனில் பார்வையாளர் கூட்டம் அதிகம் திரள்வது ஏரியை ஒட்டிய நீர்த்தடையில்தான். யார் நனையாமல் போகிறார் என்பதைக் காணவே அத்தனை பேரும் வருகின்றனர் என்று எவரும் ஒப்புக்கொள்வதில்லை.

இந்தியாவில் ஈவென்டிங்

இந்தியாவிலும் இவ்விளையாட்டு ராணுவத்தின் வழியாகவே வளர்ந்தது. 1953-இல் அமைக்கப்பட்ட 61-ஆவது குதிரைப்படை, சமஸ்தானங்களின் பழைய குதிரைப்படைகளை ஒன்றுசேர்த்து உருவானது. உலகில் இன்றும் குதிரைகளுடன் இயங்கும் மிகச் சில படைப்பிரிவுகளுள் அதுவும் ஒன்று.

1982 டெல்லி ஆசிய விளையாட்டில் குதிரையேற்றம் முதன்முறையாகச் சேர்க்கப்பட்டது. ஈவென்டிங் தனிநபர் பிரிவில் ரகுபீர் சிங் தங்கமும், குலாம் முகமது கான் வெள்ளியும், பிரகலாத் சிங் வெண்கலமும் வென்றனர். அணித் தங்கமும் இந்தியாவுக்கே. அந்த அணியில் மில்கா சிங் என்ற பெயருடைய ஒருவரும் இருந்தார். புகழ்பெற்ற ஓட்டப்பந்தய வீரர் மில்கா சிங் அல்லர் அவர். ஓடியது அவருடைய குதிரை. ரகுபீர் சிங்குக்கு அர்ஜுனா விருதும் பத்மஸ்ரீ விருதும் வழங்கப்பட்டன.

அதன் பிறகு 2002 பூசான், 2006 தோகா ஆசிய விளையாட்டுகளில் அணிப் பிரிவில் வெண்கலம் கிடைத்தது. ஒலிம்பிக்கில் 1996 அட்லாண்டாவில் இந்திரஜித் லம்பாவும், 2000 சிட்னியில் இம்தியாஸ் அனீஸும் பங்கேற்றனர். ஸ்பிரிங் இன்வேடர் என்னும் குதிரையில் சென்ற அனீஸ் 23-ஆம் இடம் பெற்றார். இருபது ஆண்டுகளுக்குப் பின் அடுத்து ஒலிம்பிக் சென்ற மிர்சா பெற்றதும் அதே 23-ஆம் இடம்.

ஃபவாத் மிர்சா 1992-இல் பெங்களூரில் பிறந்தவர். தந்தை ஹஸ்னைன் மிர்சா குதிரை மருத்துவர். பெங்களூரின் எம்பசி குதிரையேற்றப் பள்ளியின் ஆதரவுடன் ஜெர்மனியில் பயிற்சி பெற்றார். 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் டிரெஸ்சாஜும் வெளிநிலமும் முடிந்தபோது 22.40 தண்டப்புள்ளிகளுடன் அவரே முதலிடத்தில் இருந்தார். இறுதித் தடைதாண்டலில் ஒரு தடை விழுந்தது. 4 சேர்ந்து 26.40 ஆனது. ஜப்பானின் யோஷியாகி ஓய்வா 22.70 உடன் தங்கம் வென்றார். அந்தக் கழி தாங்கியிலேயே நின்றிருந்தால் 0.30 வித்தியாசத்தில் தங்கம் இந்தியாவுக்கு வந்திருக்கும். எனினும் 1982-க்குப் பிறகு குதிரையேற்றத்தில் இந்தியர் ஒருவர் பெற்ற தனிநபர் பதக்கமாக அவ்வெள்ளி கொண்டாடப்பட்டது. மிர்சா, ராகேஷ் குமார், ஆஷிஷ் மாலிக், ஜிதேந்தர் சிங் ஆகியோர் அடங்கிய அணி 121.30 தண்டப்புள்ளிகளுடன் வெள்ளி வென்றது. 2019-இல் மிர்சாவுக்கு அர்ஜுனா விருது அளிக்கப்பட்டது.

டோக்கியோவுக்கு முன் இத்துறையில் அதிகம் பேசப்பட்டது எந்தக் குதிரை செல்லும் என்பதே. தாஜாரா 4, செய்னூர் மெடிகாட் ஆகிய இரண்டும் தகுதி பெற்றிருந்தன. முதலில் தாஜாராவின் பெயர் அறிவிக்கப்பட்டது; பின்னர் காயத்திலிருந்து மீண்டு வந்திருந்த, 15 வயதான மிக்கியே சென்றது.

இந்தியக் குதிரைகள் செல்லாத காரணம்

இந்திய வீரர்கள் ஐரோப்பாவில் தங்கி, அங்கேயே வாங்கிய குதிரைகளில் போட்டியிடுவதைக் கண்டு ‘இந்தியாவில் குதிரை இல்லையா’ என்ற கேள்வி எழுவதுண்டு. இதற்கு முதன்மைக் காரணம் நோய்த் தடுப்புக் கட்டுப்பாடு. கிளாண்டர்ஸ் போன்ற குதிரை நோய்கள் இந்தியாவில் காணப்படுவதால், இங்கிருந்து குதிரைகளை நேரடியாக ஐரோப்பாவுக்குக் கொண்டுசெல்வது நெடுங்காலமாக மிகக் கடினம். பிற நாட்டில் நீண்ட நாள் தனிமைப்படுத்தல், பல கட்டப் பரிசோதனை, பெருஞ்செலவு என்று தடைகள் நீள்கின்றன. தடைகளைத் தாண்டப் பழகிய குதிரைக்கும் இவை எட்டாத உயரம்.

எனவே உயர்நிலைப் போட்டிக்கு வர விரும்பும் வீரர் ஐரோப்பாவில் குடியேற வேண்டும்; குதிரை, லாயம், பயிற்சியாளர், லாடம், மருத்துவம் அனைத்துக்கும் அங்கேயே செலவிட வேண்டும். வசதியான ஆதரவாளர் இல்லாதவருக்கு இது இயலாது. ராணுவ வீரர்களுக்குத் திறமை இருந்தும் பன்னாட்டு அனுபவம் குறைவதற்கு இதுவே பெருங்காரணம்.

2025-இல் இதில் ஒரு மாற்றம் நிகழ்ந்தது. மீரட்டில் உள்ள ராணுவக் குதிரை மருத்துவப் பிரிவின் மையத்தை, குதிரை நோயற்ற தனிப்பகுதியாக உலக விலங்குநல அமைப்பு ஏற்றது. கடும் கண்காணிப்பில் அங்கே வளர்க்கப்படும் குதிரைகள் வெளிநாட்டுப் போட்டிகளுக்குச் செல்ல இது வழி திறக்கிறது.

நிர்வாகச் சிக்கல்களும் இத்துறையின் செய்திகளில் அடிக்கடி இடம்பெறுகின்றன. இந்தியக் குதிரையேற்றக் கூட்டமைப்பில் வாக்குரிமை மாநிலச் சங்கங்களுக்கா, கிளப்புகளுக்கா என்ற வழக்கு டெல்லி உயர்நீதிமன்றம் வரை சென்றது. இவற்றுக்கு நடுவிலும் 2022 ஹாங்சோ ஆசிய விளையாட்டில் (2023-இல் நடந்தது) அனுஷ் அகர்வல்லா, ஹிருதய் சேடா, திவ்யகிருதி சிங், சுதிப்தி ஹஜேலா ஆகியோர் டிரெஸ்சாஜ் அணித் தங்கத்தை வென்றனர். 41 ஆண்டுகளுக்குப் பின் குதிரையேற்றத்தில் இந்தியா பெற்ற தங்கம் அது.

பாதுகாப்பும் விமர்சனமும்

ஈவென்டிங்கின் வேடிக்கைக் கதைகளுக்குப் பின்னால் ஆபத்தும் உண்டு. வெளிநிலத் தடைகள் அசையாதவை. குதிரை முன்கால் தட்டித் தலைகீழாகப் புரண்டால் வீரர் அதன் அடியில் சிக்கக்கூடும். 1999-இல் மட்டும் பிரிட்டனில் ஐந்து வீரர்கள் வெளிநிலத் தேர்வில் உயிரிழந்தனர். அதைத் தொடர்ந்த ஆய்வுகளின் விளைவாகவே, அடிபட்டால் கட்டை கீழே இறங்கும்படி செய்யும் பாதுகாப்புப் பிணைப்புகள் வந்தன. மைக்கேல் யுங்குக்கு 11 தண்டப்புள்ளிகள் விதிக்கக் காரணமான கருவி இதுவே. அவருடைய ஆதரவாளர்களுக்கு அது அநீதியாகத் தோன்றினாலும், உயிர் காக்கவே அது அங்கே இருந்தது.

குதிரைகளும் பாதிக்கப்படுகின்றன. டோக்கியோவில் சுவிட்சர்லாந்தின் ஜெட் செட் என்னும் 14 வயதுக் குதிரை வெளிநிலத்தில் தசைநார் கிழிந்து கருணைக்கொலை செய்யப்பட்டது. விலங்குகளை இவ்வகைப் போட்டியில் ஈடுபடுத்துவது சரியா என்ற கேள்வி அதன்பின் வலுத்தது. பழைய முறையில் வெளிநிலத் தேர்வு நாளில் நெடுந்தூரச் சாலை ஓட்டமும் தனி வேக ஓட்டமும் கூடுதலாக இருந்தன. 2004 ஒலிம்பிக் முதல் அவை கைவிடப்பட்டன. களைத்த குதிரையைத் தொடர்ந்து விரட்டும் வீரரை நடுவர் நடுவழியில் நிறுத்தவும் இன்று விதி உண்டு.

தமிழகச் சூழலில்

கள்ளக்குறிச்சி, விழுப்புரம் வட்டாரத்து மாணவர்களில் பலர் முதலில் காணும் குதிரை, ஊர் எல்லையில் அய்யனாருக்கு நேர்ந்துவிட்ட மண்குதிரையாகவே இருக்கும். பக்கத்துச் செஞ்சியில், 1714-இல் ஆற்காட்டுப் படையுடன் மோதி இறந்த தேசிங்கு ராஜனின் கதைப்பாடலில் குதிரையும் ஒரு பாத்திரமாகவே வருகிறது. அடங்காத குதிரையை அடக்கியவன் என்பதே அவனது முதல் பெருமை. ஈவென்டிங் முடிவுப் பட்டியலிலும் வீரரின் பெயருக்குப் பக்கத்தில் குதிரையின் பெயர் தவறாமல் அச்சிடப்படுகிறது. பதக்கம் கழுத்தில் விழுவது வீரருக்கு என்றாலும் வெற்றி இருவருக்கும் உரியது.

தமிழகத்தில் குதிரை அறவே இல்லாமல் போகவில்லை. ஈரோடு மாவட்டம் அந்தியூரில் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாவையொட்டி நடக்கும் சந்தைக்குப் பல இனக் குதிரைகள் வருகின்றன. சென்னையில் காவல்துறையின் குதிரைப்படையும், கிண்டியில் நெடுங்கால வரலாறு கொண்ட குதிரைப் பந்தயமும் அறிமுகமானவை. ஆனால் பந்தயக் குதிரை வேகத்துக்காகப் பழக்கப்படுகிறது. ஈவென்டிங் குதிரைக்கு வேகம், அடக்கம், துணிச்சல், கவனம் நான்கும் வேண்டும். அவற்றைப் பழக்கப் பல ஆண்டுகள் ஆகும். அதற்குரிய வெளிநிலப் பாதைகளும் பயிற்சியாளர்களும் இந்தியாவில் ராணுவ மையங்களையும் சில தனியார் பள்ளிகளையும் விட்டால் அரிதே.

இதனால் இந்தியாவில் இந்த விளையாட்டு அவ்வப்போது தலைப்புச் செய்தியாகி மறைந்துவிடுகிறது. 1982-இல் நான்கு வீரர்களின் சாதனையாக இருந்தது, டோக்கியோவில் ஒரே வீரர், ஒரே குதிரை என்று சுருங்கியது. ஜகார்த்தாவில் விழுந்த ஒரு கழியும், மீரட்டில் ஏற்கப்பட்ட நோயற்ற பகுதியும் இரு வேறு வகைச் செய்திகள். முன்னது ஒரு பதக்கத்தின் நிறத்தைத் தீர்மானித்தது. இந்திய லாயங்களில் வளரும் குதிரைகள் பன்னாட்டுக் களத்தில் ஏறுமா என்பதைத் தீர்மானிக்கப்போவது பின்னது.